கிளி ஏன் சிளி ஆகவில்லை?

வீட்டில் இருப்பவர் யாரிடமாவது "பெட்டி" என்ற சொல்லைத் தாளில் எழுதிக் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். பெட்டி என்றுதான் படிப்பார். அவரே பத்து நிமிடம் கழித்து, பரண்மேல் இருப்பதை எடுக்கச் சொல்லும்போது "அந்தப் பொட்டிய எடு" என்பார். தமிழ்நாட்டில் பல ஊர்களில் இதுதான் நடப்பு. பிடி புடி ஆகிறது, பிள்ளை புள்ளை ஆகிறது, பெண் பொண்ணு, வீடு வூடு, பிழைப்பு பொழப்பு, மிளகாய் மொளகாய்.

பள்ளியில் படித்தபோது கட்டுரை நோட்டில் "மீன் புடித்தான்" என்று எழுதி, சிவப்பு மையால் சுழிக்கப்பட்டு, வகுப்பு முன்னால் நின்றவன் நான். "நாக்கு சோம்பேறித்தனம்" என்று அன்றைக்குச் சொன்னார்கள். பல வருடங்கள் அதை நம்பினேன். அப்புறம் மொழியியல் படிக்கத் தொடங்கியபோது புரிந்தது: என் நாக்கு சோம்பேறித்தனமாக இல்லை, மிகவும் கறாராக ஒரு விதியைப் பின்பற்றிக்கொண்டிருந்தது. அதே வாக்கியத்தில் "மீன்" என்பதை நான் "மூன்" என்று எழுதவில்லையே! யாரும் அப்படிச் சொல்வதும் இல்லை. பெரிய என்பதைப் பொரிய என்பதில்லை. பின்னால் புன்னால் ஆவதில்லை. வெயில், வேர், பேன் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

அப்படியானால் எது மாறுகிறது, எது மாறுவதில்லை? மாறிய சொற்களை மறுபடி வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எல்லாம் ப, ம, வ என்ற உதட்டு ஒலிகளில் தொடங்குகின்றன. அடுத்து இ அல்லது எ, குறிலோ நெடிலோ. அதற்கடுத்து ட, ண, ள, ழ ஆகியவற்றில் ஒன்று. இந்த நான்கும் நாக்கு நுனி மேலே வளைந்து பின்னால் மடங்கிப் பிறப்பவை. இ, எ சொல்ல நாக்கின் உடல் முன்பக்கம் திரண்டு எழவேண்டும். ட, ள சொல்ல நுனி பின்னால் வளையவேண்டும். ஒரே நேரத்தில் இரண்டுக்கும் நாக்கு இடம் கொடுப்பது சிரமம். வரப்போகும் ள்-க்கு நாக்கு முன்கூட்டியே தயாராகும்போது நடுவில் இருக்கும் இ பின்னால் இழுபடுகிறது. ப்-க்கு மூடிய உதடு இன்னும் முழுதாக விரியவில்லை. பின்னால் இழுபட்டு, உதடும் குவிந்த இ என்பது ஏறக்குறைய உ தான். பிள்ளை புள்ளை ஆவது இப்படித்தான்.

இந்த மாற்றம் இன்னும் முடிந்துவிடவில்லை. வெட்டு, வெள்ளை போன்றவை பல வாய்களில் அப்படியே நிற்கின்றன. பொறந்தான், பொறகு என்று ற-வுக்கு முன்னாலும் சில இடங்களில் இது நடக்கிறது. ஆனால் பின்னால் மடங்கும் ஒலியோ ற-வோ பக்கத்தில் இல்லாத மீன், பேன் பக்கம் அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

சரி, இப்போது ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் பின்னால் போவோம். பெங்களூரில் கன்னடம் பேசுகிற ஒருவரிடம் காதுக்கு என்ன சொல் என்று கேட்டால் "கிவி" என்பார். நம் செவி அது. நம் சேரிக்கு அங்கே கேரி, தெரு என்ற பொருளில். சிறு என்பதற்குக் கிறு. செய் என்பதற்குப் பழங்கன்னடத்தில் கெய். சிவப்பைக் குறிக்கும் செம் என்பதற்குக் கெம். ஒன்றிரண்டு என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். வரிசையாக வந்தால் அது விதி. திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816இல் சென்னையில் எழுதிய எல்லிஸ், 1856இல் பெரிய ஒப்பிலக்கணம் வெளியிட்ட கால்டுவெல் ஆகியோருக்குப் பின், தலைமுறை தலைமுறையாக இந்த வரிசைகளைத்தான் அறிஞர்கள் சேர்த்துவந்தார்கள்.

இதில் பழையது கன்னடத்தின் க. தமிழில்தான் அது ச ஆனது. காரணம் வாய்க்குள்ளேயே இருக்கிறது. க பிறப்பது நாக்கின் பின்பகுதி பின் அண்ணத்தைத் தொடும்போது. அதற்கடுத்து இ, எ வந்தால் நாக்கு முன்னால் போகவேண்டும். அந்த அவசரத்தில் க பிறக்கும் இடமே கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்து, கடைசியில் ச பிறக்கும் இடத்துக்கே வந்துவிட்டது. உலகில் இது மிகச் சாதாரணமாக நடக்கும் ஒன்று. லத்தீனில் க ஒலியோடு இருந்த சொற்கள் இத்தாலியனில் இ, எ முன்னால் ச்ச ஒலிக்கு வந்ததும் இதே வழியில்தான்.

ஆனால் தமிழில் இந்த மாற்றம் எல்லா இடத்திலும் நடக்கவில்லை. கிளி சிளி ஆகவில்லை. கெடு செடு ஆகவில்லை. கிழக்கு, கிழங்கு, கிழவன், கிணறு, கிளை, கீழ், கேள், கெண்டை, கேடு, கேழ்வரகு, கிட்ட, கிள்ளு எதுவும் ஆகவில்லை. இந்தப் பட்டியலை ஒருமுறை உரக்கப் படியுங்கள். ஒவ்வொன்றிலும் கி, கெ-க்குப் பின்னால் ட, ண, ள, ழ!

பெட்டியைப் பொட்டி ஆக்கும் அதே இழுப்புதான் இது. பின்னால் மடங்கப்போகும் நாக்கு கிளி-யின் இகரத்தைப் பின்னுக்கு இழுத்து வைத்திருந்தது. அதனால் முன்னால் நகர க-வுக்கு உந்துதல் கிடைக்கவில்லை, இருந்த இடத்திலேயே தங்கிவிட்டது. செவி, செய், சேரி ஆகியவற்றில் அந்த இழுப்பு இல்லை. க நழுவிவிட்டது. எனக்கு இன்றும் இதை நினைத்தால் மெய்சிலிர்க்கும். நூற்றாண்டுகளுக்கு முன் யாரோ கிளி என்று சொன்னபோது அவர் வாய்க்குள் என்ன நடந்தது என்பதை, இன்றைக்குப் பொட்டி என்று சொல்லும் நம் வாயை வைத்தே உணர முடிகிறது.

தெலுங்கைப் பாருங்கள், அங்கே இந்தத் தடை இல்லை. கெடு அங்கே செடு. கிளியோடு உறவுள்ள சொல் சிலுக. செவி அங்கேயும் செவி. ஆக, ஒரே தாயின் மூன்று பிள்ளைகள்: கன்னடம் மாறவே இல்லை, தெலுங்கு தடை பார்க்காமல் மாறியது, தமிழ் நிபந்தனையோடு மாறியது. கன்னடம் அதற்காக அசையாத மொழி என்று நினைக்க வேண்டாம். பால் ஹாலு, பத்து ஹத்து, புலி ஹுலி, பூ ஹூவு என்று சொல்லின் முதலில் வரும் ப-வை வரிசையாக ஹ ஆக்கியது அதுதான்.

தமிழில் விதிவிலக்கே இல்லையா என்றால், உண்டு. கீரை ஏன் சீரை ஆகவில்லை என்பதற்குத் தெளிவான பதில் கிடையாது. கீறு என்பதும் அப்படியே நிற்கிறது. பொறந்தான் என்பதில் சேட்டை செய்யும் அதே ற இங்கும் இருப்பதைக் கவனித்திருக்கிறேன், அதற்கு மேல் அதில் எதையும் ஏற்றமாட்டேன். 1870களில் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து இளம் அறிஞர்கள் ஒலி விதிகளுக்கு விதிவிலக்கே இல்லை என்று பிடிவாதமாகச் சொன்னார்கள். கொஞ்சம் மிகையான பேச்சுதான். ஆனால் அந்தப் பிடிவாதம் பலன் தந்தது: விதிவிலக்கைப் பார்த்தால் விட்டுவிடாமல், அதற்குப் பின்னால் இன்னொரு காரணத்தைத் தேடும் பழக்கம் வந்தது.

அப்படித் தேடும்போது கிடைக்கும் காரணங்களில் முக்கியமானது கடன். கீதம், கேசம், கிராமம், கிருமி எல்லாம் ச ஆகவில்லை. ஏனென்றால் அவை வடமொழியிலிருந்து வந்தபோது இந்த மாற்றம் ஓய்ந்துவிட்டிருந்தது. கேமரா, கேக், கிரிக்கெட் என்று இன்றைக்கு வருபவையும் அப்படியே. கேக்கை யாரும் சேக் என்பதில்லை. ஒலி மாற்றம் என்பது ஒரு காலத்தில் அடித்து ஓய்ந்த மழை மாதிரி. அப்போது வெளியில் நின்ற சொற்கள் நனைந்தன. பின்னால் வந்தவை நனையவில்லை. கி, கெ, கே என்று தொடங்கி, ட ண ள ழ பின்தொடராத ஒரு சொல்லைக் கண்டால், பெரும்பாலும் அது பிறகு வந்த விருந்தாளி என்று சந்தேகிக்கலாம்.

பரதநாட்டியம் ஆடுபவர்களுக்குக் கெம்புக் கல் தெரியும். தலைச்சாமானிலும் அட்டிகையிலும் பதிக்கும் சிவப்புக் கல். கெம்பு என்றால் கன்னடத்தில் சிவப்பு. நம் செம், செம்மை, செம்பு எல்லாம் அதே வேரில் பிறந்தவை. தமிழ் தன் க-வைத் தொலைத்துப் பல நூற்றாண்டுகள் ஆன பின், அதே வேர் பழைய க-வோடு கன்னட உருவத்தில் நகைக்கடை வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. எதிர்த்திசையிலும் ஒன்று போயிருக்கிறது. கன்னடத்தில் தண்ணீர்ச் செம்புக்குச் செம்பு, சொம்பு என்றே பெயர். க இருக்க வேண்டிய இடத்தில் ச இருப்பதே அது அங்கே பிறந்ததில்லை என்று சொல்லிவிடுகிறது.

மாற்றம் நடந்த காலத்தைக் கணிக்கவும் கடன்தான் உதவுகிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகரின் கல்வெட்டுகள் தெற்கே இருந்த அரசர்களைச் சொல்லும்போது சேரரைக் க ஒலியோடு "கேரள" என்று குறிக்கின்றன. சங்கப் பாடல்களில் அவர்கள் சேரர், சேரலர். கேரளம், சேரலம் இரண்டும் ஒரே பெயரின் முன்னும் பின்னும் என்பது பல மொழியியலாளர்களின் கணிப்பு. அப்படியென்றால் வடக்கே அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தபோது க இன்னும் க-வாக இருந்திருக்கிறது.

இதே மாதிரி இன்னொரு நழுவல் நம் பேச்சிலேயே இருக்கிறது. அடித்தான் அடிச்சான் ஆகிறது, படித்து படிச்சு, வைத்து வச்சு, பிரிந்து பிரிஞ்சு, மேய்ந்து மேஞ்சு, ஐந்து அஞ்சு. நடந்தான் மட்டும் நடஞ்சான் ஆவதில்லை, கொடுத்தான் கொடுச்சான் ஆவதில்லை. இ, ஐ, ய் என்று முன்னால் எழும்பும் ஒலிக்குப் பின் வரும் த் மட்டும்தான் ச் ஆகிறது. இங்கேயும் நாக்கு அண்ணத்தின் அதே பகுதிக்குத்தான் நழுவுகிறது. விற்று என்பதை வித்து என்கிறோம், விச்சு என்பதில்லை. இந்த மாற்றம் நடந்தபோது விற்று என்பதில் இருந்தது த்த இல்லை, யாழ்ப்பாணத்திலும் கேரளத்திலும் இன்றும் கேட்கும் வேறொரு ற்ற ஒலி. அது த்த-வோடு கலந்தது பின்னால். அதற்குள் மழை நின்றுவிட்டது. மலையாளம் படிச்சு, அடிச்சு, அஞ்சு என்று பேசுவதையே எழுத்திலும் எழுதிக்கொண்டது. நாம் எழுத்தில் பழையதை வைத்துக்கொண்டு வாயில் புதியதை வைத்துக்கொண்டோம். கொச்சை என்று திட்டு வாங்கும் அடிச்சானும், எழுத்தில் தலைநிமிர்ந்து நிற்கும் செவியும் பிறந்த விதம் ஒன்றுதான்.

இவ்வளவும் நடக்க ஒன்று கட்டாயம் வேண்டும். வீட்டில் கேட்டுக் கேட்டு மொழியைப் பிடித்துக்கொள்ளும் குழந்தைகள். ஏட்டில் மட்டும் இருக்கும் மொழியில் இந்தத் தேய்மானம் நடக்காது. யூதர்களின் மொழியான எபிரேயம் ஏறக்குறைய 1,700 ஆண்டுகள் அப்படி இருந்தது. வழிபாட்டில் ஓதினார்கள், கடிதம் எழுதினார்கள், கவிதை எழுதினார்கள். தாய்மொழியாக யாருக்கும் இல்லை. அதை மறுபடி பேச்சுமொழி ஆக்க நினைத்த எலியேசர் பென் யெகூடா 1881இல் எருசலேமுக்குக் குடிவந்தார். அடுத்த ஆண்டு பிறந்த மகனிடம் வீட்டில் எபிரேயம் தவிர வேறு எதுவும் பேசக்கூடாது என்று வைத்துக்கொண்டார். பிறகு பள்ளிகள் அந்த மொழியில் பாடம் நடத்தின. அந்தப் பிள்ளைகள் பெரியவர்களாகித் தம் பிள்ளைகளிடம் அதையே பேசினார்கள். இல்லாத சொற்களுக்குப் பழைய நூல்களைத் துழாவினார்கள். விவிலியத்தின் எசேக்கியேல் நூலில் ஒளிரும் ஒரு பொருளைக் குறித்த ஹஷ்மல் என்ற சொல் மின்சாரம் ஆனது. நம் கணினித் திரையில் சாளரம் என்ற பழஞ்சொல் மறுபடி உட்கார்ந்த மாதிரி.

மொழி வாய்க்கு வந்ததும் தேய்மானமும் வந்துவிட்டது. தொண்டைக்குள்ளிருந்து வரும் அயின் என்ற எழுத்தின் ஒலி, ஐரோப்பாவிலிருந்து வந்த குடும்பங்களின் வாயில் நிற்கவில்லை. ஏமனிலிருந்து வந்த முதியவர்களிடம் அதைக் கேட்கலாம். இன்று பெரும்பாலோர் பேச்சில் அது எழுத்தில் மட்டும் இருக்கிறது, நம் அடித்தான் மாதிரி.

அந்த மொழியில் நமக்குச் சொந்தமான ஒரு சொல்லும் இருக்கிறது. சாலமோன் அரசனின் கப்பல்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பொன், வெள்ளி, யானைத் தந்தம், குரங்கு, மயில் ஆகியவற்றைக் கொண்டுவந்ததாக விவிலியம் சொல்கிறது. மயிலுக்கு அங்கே இருக்கும் சொல் துக்கி. தமிழின் தோகைதான் கடல் கடந்து அப்படி ஆனது என்பது அறிஞர்கள் பலரின் முடிவு. நவீன எபிரேயத்தில் மயிலுக்கு வேறு சொல் வந்து சேர்ந்துவிட்டதால், துக்கி வேறொரு பறவைக்குப் போனது. டெல் அவீவ் பூங்காக்களில் பச்சை நிறத்தில் கீச்சிட்டுப் பறக்கும் கிளிகளைக் காட்டி, குழந்தைகள் இப்போது துக்கி என்கிறார்கள்.