ரேட் கேப்பிங்: தொப்பியா, வரம்பா?

பிரிட்டன் அரசியலைத் தமிழில் எழுதுகிறவர்கள் அடிக்கடி சறுக்கும் சொல் ‘ரேட் கேப்பிங்’. ‘விகிதக் கட்டுப்பாடு’ என்று போட்டால் வட்டி விகிதம் என்றுதான் படிப்பவர் நினைப்பார். இந்த ரேட் வட்டியும் இல்லை, விலையும் இல்லை. வீடு, கடைகளின் வாடகை மதிப்பைக் கணக்கிட்டு உள்ளூர் கவுன்சில் வாங்கிய வரி அது. நம் சொத்து வரிக்கு நெருங்கிய சொந்தம். அதன் வேர் 1601-ஆம் ஆண்டு ஏழைகள் சட்டம் வரை போகிறது. லத்தீன் ‘ராட்டா’விலிருந்து வந்த சொல்: கணக்கிட்டுப் பிரித்த பங்கு.

‘கேப்’ என்பது தொப்பிதான். பிற்கால லத்தீனில் ‘கப்பா’ என்றால் முக்காடு. தலையை மூடுவதில் தொடங்கி, ‘இதற்கு மேல் போகாதே’ என்று தடுப்பது வரை பொருள் நீண்டுவிட்டது.

சரி, எதற்கு இந்த மூடி? கவுன்சிலுக்கு முக்கிய வரவுகள் மத்திய அரசின் மானியமும் உள்ளூர் வரியும். 1980-களின் தொடக்கத்தில் தாட்சர் அரசு, அதிகம் செலவழித்த கவுன்சில்களுக்கு மானியத்தைக் குறைத்தது. அவையோ ரேட்டை உயர்த்தி ஈடுகட்டிக்கொண்டன. அந்த மடையையும் அடைக்க வந்ததுதான் 1984-ஆம் ஆண்டு ரேட்ஸ் சட்டம். எந்தக் கவுன்சில் எவ்வளவு வரி போடலாம் என்பதை அமைச்சரே நிர்ணயிக்கலாம். முதல் பட்டியலில் 18 அமைப்புகள் சிக்கின. சில கவுன்சில்கள் ரேட்டே நிர்ணயிக்க மாட்டோம் என்று 1985-இல் முரண்டு பிடித்தன. லிவர்பூல் அந்தப் பட்டியலில் இல்லை, ஆனாலும் சேர்ந்துகொண்டது. கடைசியில் அதன் உறுப்பினர்கள் 47 பேர் அபராதம் கட்டிப் பதவியும் இழந்தார்கள்.

1990-இல் இங்கிலாந்தில் வீடுகளுக்கான ரேட் போய்விட்டது. தலைவரி வந்து சந்தி சிரித்தது, 1993-இல் கவுன்சில் வரி வந்தது. மூடி மட்டும் போகவில்லை.

தமிழில் என்ன சொல்லலாம்? தொப்பி, குல்லா பக்கமே போக வேண்டாம்; ‘குல்லா போடுவது’ என்றால் நமக்கு வேறு அர்த்தம். புதிதாக எதையும் உருவாக்கவும் தேவையில்லை. 1961-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தை ஊரெல்லாம் ‘நில உச்சவரம்புச் சட்டம்’ என்றுதானே சொன்னது? அந்த உச்சவரம்பே போதும். ‘உள்ளாட்சி வரி உச்சவரம்பு’ என்றால் பொருள் தெளிவு. வினையாக வேண்டுமானால் ‘வரிக்கு வரம்பு கட்டுதல்’. வரம்பு என்பது வயல் வரப்புதான், அதனால் ‘கட்டுதல்’ இயல்பாக ஒட்டிக்கொள்கிறது.

வரப்பு என்ற படிமம் இன்றைய நிலைமைக்கும் பொருந்துகிறது. 2011-ஆம் ஆண்டு சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் அமைச்சர் நேரடியாகத் தடுப்பதில்லை. அரசு குறிக்கும் அளவைத் தாண்டினால் உள்ளூர் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். 2015-இல் பெட்ஃபோர்ட்ஷயரில் காவல்துறைக்கான வரியை உயர்த்த அப்படி ஒரு வாக்கெடுப்பு நடந்து தோற்றது. திவால் நிலையில் இருந்த லண்டனின் குரோய்டன் கவுன்சில் 2023-இல் வரியை 15 சதவீதம் ஏற்றியதுகூட வாக்கெடுப்பில் அல்ல, அரசின் தனி அனுமதியில். முதியோர் பராமரிப்பையும் சுமக்கும் கவுன்சில்களுக்கு அண்மை ஆண்டுகளில் அரசு குறித்த அளவு 5 சதவீதம். பெரும்பாலானவை ஏற்றியது 4.99. வரப்பு எவ்வளவோ, தண்ணீரும் அவ்வளவு.