பாஸ் வரட்டும் என்று காத்திருந்த நெஞ்சுவலி

2020 ஜூலை மாதம். கொரோனா ஊரடங்கு. மாவட்டம் விட்டு மாவட்டம் போக அரசின் இ-பாஸ் வேண்டியிருந்த நாட்கள். இரவு பதினொன்றரை இருக்கும். திருவாரூர் மாவட்டத்தில் நான் கிளினிக் வைத்திருக்கும் ஊருக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து போன் வந்தது. பேசியவர் நோயாளியின் மகன்.

"அப்பாவுக்கு சாயங்காலம் ஆறு மணியிலேர்ந்து நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்குங்கிறாங்க டாக்டர். வேர்த்துக் கொட்டுது. இடது கையும் இழுத்துப் பிடிக்குதாம். தஞ்சாவூர் போறதுக்கு பாஸ் போட்டிருக்கேன், இன்னும் அப்ரூவ் ஆகல. என்ன பண்றது?"

ஆறு மணியா என்று மறுபடி கேட்டேன். ஆமாம், ஆறு மணிதான். ஐந்தரை மணி நேரமாக அந்த வீட்டில் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். மகன் செல்போனில் இ-பாஸ் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். நடுவில் ஓமத்தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். முதுகை நீவிவிட்டிருக்கிறார்கள். வாசலில் வாடகைக் கார் தயாராக நிற்கிறது. மாவட்ட எல்லையில் செக்போஸ்ட் இருக்கிறது, பாஸ் இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம்.

"பாஸை விடுங்க தம்பி, 108-க்குப் போன் பண்ணுங்க. முதல்ல நம்ம ஊர் அரசு ஆஸ்பத்திரிக்கு. தஞ்சாவூரெல்லாம் அப்புறம்" என்றேன். ஈ.சி.ஜி. எடுத்தபோது சந்தேகமே இல்லை, பெரிய மாரடைப்பு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். பிழைத்துவிட்டார். ஆனால் அந்த ஊசி முதல் ஒரு மணி நேரத்தில் செய்யும் வேலையை ஆறு மணி நேரம் கழித்துச் செய்யாது. இன்றும் அவரால் வரப்பில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் நடக்க முடியாது, மூச்சு வாங்குகிறது.

அந்த மகன் விவரம் தெரியாதவர் இல்லை, பட்டதாரி. அப்பா மேல் உயிரையே வைத்திருப்பவர். அவர் செய்த ஒரே தவறு, 'போக அனுமதி உண்டா' என்ற கேள்வியை முதலில் கேட்டது. 'போகாவிட்டால் என்ன ஆகும்' என்பதை அவர் கேட்கவே இல்லை. டிவியில் காலையிலிருந்து இரவு வரை பாஸ், பாஸ் என்றே சொல்லிக்கொண்டிருந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். உயிர் போகிற அவசரத்துக்கு 108 வண்டி எந்த பாஸும் கேட்டதில்லை. ஊரடங்கின் எந்தக் கட்டத்திலும் அது நிற்கவில்லை. இதை யாராவது அவருக்கு அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். என் நோயாளிகளுக்கு நானே முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும்.

2020 மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு. தமிழ்நாட்டில் மாவட்டம் விட்டு மாவட்டம் போக ஆரம்பத்தில் திருமணம், சாவு, மருத்துவ அவசரம் என்ற மூன்று காரணங்களுக்குத்தான் பாஸ். அதனால் மக்கள் தங்கள் காரணத்தை எல்லாம் இந்த மூன்றில் ஒன்றாக மாற்ற ஆரம்பித்தார்கள். என்னிடம் கடிதம் கேட்டு வந்தவர்களே நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். "சும்மா நெஞ்சுவலின்னு ஒரு லெட்டர் குடுங்க டாக்டர், குலதெய்வம் கோயிலுக்குப் போயிட்டு வந்துடறோம்." கொடுக்கவில்லை. கோபித்துக்கொண்டு இன்றுவரை கிளினிக் பக்கம் வராதவர்கள் உண்டு. ஒரு பொய் நெஞ்சுவலி வரிசையில் நின்றால் அதன் பின்னால் ஒரு நிஜ நெஞ்சுவலி நிற்கிறது. அதை நினைத்தால் கையெழுத்துப் போட மனம் வராது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கோயிலுக்குப் போனவர்களைவிட, வர வேண்டியிருந்தும் வராமல் போனவர்களால்தான் என் நோயாளிகள் மத்தியில் அதிக சேதம். சர்க்கரை நோயாளி ஒருவர் காலில் முள் குத்திய புண்ணோடு மூன்று வாரம் வீட்டிலேயே மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா வந்துவிடும் என்று பயம். கட்டைப் பிரித்தபோது அறை முழுக்க நாற்றம். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியிருந்தது. முதல் வாரமே வந்திருந்தால் கத்தி வைக்கும் வேலையே இருந்திருக்காது.

அந்த மாதங்களில் போனில் ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது பேர் 'வரலாமா டாக்டர்?' என்று கேட்பார்கள். நான் முதலில் என்னையே கேட்டுக்கொண்டது இதுதான்: இது எவ்வளவு நேரம் காத்திருக்கும்? நோய் எவ்வளவு பெரியது என்பது வேறு, எவ்வளவு காத்திருக்கும் என்பது வேறு. கண்புரை பெரிய விஷயம்தான், ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்கும். நாய்க்கடி சின்னக் கீறலாகத் தெரியும், அது ஒரு நாள்கூடக் காத்திருக்காது. உடனே சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குக் கிளம்ப வேண்டும். வாய் கோணுவது, ஒரு பக்கம் கை கால் விழுவது என்றால் பக்கவாதம். அதற்கான ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, வயிற்றில் குழந்தையின் அசைவு குறைவது, தலைவலியோடு கண் மங்குவது, இதெல்லாம் விடியட்டும் என்று இருக்கக் கூடாதவை. பாம்புக்கடி பற்றி இந்தப் பக்கத்து வயல்காரர்களுக்கு நான் சொல்லவே வேண்டியதில்லை.

அடுத்தது நாள் கணக்கு. டயாலிசிஸ் வாரத்துக்கு இரண்டோ மூன்றோ தடவை. இரண்டு முறை தவறினால் உடம்பில் நீர் கோத்து நுரையீரலுக்கு ஏறிவிடும், பொட்டாசியம் கூடி இதயமே நிற்கலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் மகனுடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்து வாரம் இரண்டு முறை தஞ்சாவூர் போய்வந்தார். ஆஸ்பத்திரி அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். முதல் வாரம் செக்போஸ்ட்டில் நிறுத்திக் கேட்டார்கள். மூன்றாவது வாரம் தூரத்திலேயே பார்த்துவிட்டுத் தடுப்பை நகர்த்திவிட்டார்களாம். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்களுக்கும் தேதி தேதிதான். மூட்டுவலிக்கும், மாஸ்டர் செக்கப்புக்கும், பல் கிளிப் மாட்டுவதற்கும் அப்படி இல்லை.

காத்திருக்காது என்று தெரிந்தால் கிளம்ப வேண்டியதுதான். காத்திருக்கும் என்றால் அடுத்த கேள்வி: ஆள் போகத்தான் வேண்டுமா, மருந்து வந்தால் போதாதா? ஊரடங்கு தொடங்கிய அதே மார்ச் 25-ம் தேதி மத்திய அரசு தொலைமருத்துவ நெறிமுறைகளை வெளியிட்டது. போனில் பேசி மருந்து எழுதித் தர எங்களுக்குத் தெளிவான வழி கிடைத்தது. பிரஷர், சர்க்கரை, தைராய்டு மாத்திரைகளுக்கு வாட்ஸ்அப்பில் சீட்டு அனுப்பினேன். பால்காரர் மருந்துக் கடையில் வாங்கிக்கொண்டு போய் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தார். இப்படி எத்தனையோ பயணங்கள் மிச்சமாயின. பிறகு 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி வீட்டுக்கே மாத்திரை கொடுக்க ஆரம்பித்தபோது, அந்தப் பால்காரர்தான் என் நினைவுக்கு வந்தார்.

மூன்றாவதாக நான் கேட்டது, போய்ச் சேரும் இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று. ஏனென்றால் இந்தக் கிருமி காய்ச்சல் வருவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே அடுத்தவருக்குத் தொற்ற ஆரம்பித்துவிடும். உள்ளே போய் அறிகுறி தெரிவதற்கே பெரும்பாலும் ஐந்து நாள் ஆகும், சிலருக்குப் பதினாலு நாள்கூட. "நாங்கெல்லாம் நல்லாத்தான் இருக்கோம் டாக்டர்" என்று ஒருவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், அதனால் பயன் இல்லை. எழுபத்தெட்டு வயதுப் பாட்டி இருக்கும் வீட்டுக்குப் பேரப்பிள்ளைகளோடு லீவுக்குப் போவதை நான் தடுத்தது இதனால்தான். அதே வயதுப் பாட்டி தனியாக இருக்கிறார், சமைத்துப் போட ஆள் இல்லை என்றால் ஒருவர் போகத்தான் வேண்டும், போனவர் அங்கேயே தங்கிவிட வேண்டும். சனிக்கிழமை போய் ஞாயிறு திரும்பி, மறுபடி அடுத்த சனிக்கிழமை போவதுதான் ஆபத்து.

இதில் எனக்கு மிகக் கடினமாக இருந்தது சாவு வீடு. நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போய் நிற்க வேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாம். துக்கத்துக்கு வராதவரை இருபது வருடம் கழித்தும் பேச்சில் குத்திக்காட்டும் ஊர் இது. இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று அரசு சொன்னபோது அந்த இருபதில் யார் யார் என்று வீட்டுக்குள்ளேயே சண்டை. சென்னையிலிருந்து ஒரு பெண் அழுதுகொண்டே கேட்டார். அம்மா இறந்துவிட்டார், காரில் அவரும் கணவரும் இரண்டு குழந்தைகளும் மாமியாரும் கிளம்பத் தயார், மாமியாருக்கு மட்டும் இரண்டு நாளாக லேசான தொண்டைக் கரகரப்பு. நான் சொன்னேன்: "நீங்க போங்கம்மா. உங்க வீட்டுக்காரர் வண்டி ஓட்டட்டும். பிள்ளைகளும் மாமியாரும் இருக்கட்டும். அங்க போய் அம்மாவைப் பாருங்க, அப்பா பக்கத்துல உக்காருங்க, மாஸ்க்கை மட்டும் கழட்டாதீங்க." மாமியாருக்கு மூன்று நாள் கழித்துப் பரிசோதனையில் பாசிட்டிவ். அவர் அந்தக் காரில் ஏறியிருந்தால் மனைவியை இழந்த அந்தப் பெரியவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிக்கிறேன். மகள் அம்மாவின் முகத்தைப் பார்க்கப் போகக் கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வராது, அப்படிச் சொல்வது மருத்துவமும் இல்லை. கருமாதிக்குச் சித்தப்பா வகையில் நாற்பது பேர் வேன் பிடித்துப் போவது வேறு விஷயம். அதைப் பிறகு, முதல் வருடத் திதிக்குப் போய்ச் செய்யலாம்.

அறிவிக்கப்பட்ட எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு பயணத்தையும் சொல்லிவிடுகிறேன். தலைவலி என்று வந்த ஒரு பெண்ணுக்கு ரத்த அழுத்தம் பார்க்கச் சட்டைக் கையை மடித்தபோது தோள்வரை கன்றிப்போன தழும்புகள். கணவர் வேலையில்லாமல் வீட்டிலேயே இருந்த நாட்கள் அவை. "எங்கம்மா வீட்டுக்குப் போகணும் டாக்டர், அதுக்கு பாஸ் குடுப்பாங்களா?" என்று கேட்டார். இதைவிட நியாயமான பயணம் எது? காயங்களை அப்படியே எழுதிக் கொடுத்தேன், பெண்களுக்கான உதவி எண் 181-க்கு என் அறையிலிருந்தே பேசவைத்தேன். அடிவாங்கும் வீட்டிலேயே அடங்கிக் கிட என்று எந்த ஊரடங்கும் சொல்லவில்லை.

கூலிக்காரர்களையும் குற்றம் சொல்ல நான் தயாராக இல்லை. 2020 மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேடு சந்தையில் தொற்று பரவி, சந்தை மூடப்பட்டு, அங்கே வேலை பார்த்தவர்கள் கடலூர், அரியலூர், விழுப்புரம் என்று சொந்த ஊர்களுக்குத் திரும்பியதும் அங்கெல்லாம் எண்ணிக்கை ஏறியது. ஊரே அவர்களைத் திட்டியது. வேலையும் இல்லை, சாப்பாடும் இல்லை, ஓர் அறையில் பத்துப் பேர் என்றால் நானாக இருந்தாலும் ஊருக்குத்தான் கிளம்பியிருப்பேன். அவர்கள் போனது தவறில்லை. போனதும் சுகாதாரத் துறைக்குச் சொல்லிப் பதினாலு நாள் ஒதுங்கி இருக்க அவர்களுக்கு ஓர் இடம் கிடைத்திருக்க வேண்டும். கிடைத்த கிராமங்களில் நோய் அங்கேயே நின்றது.

வீணான பயணம் என்று நான் சொல்வது வேறு. 2020 ஏப்ரலில் சென்னை, கோவை, மதுரையில் நாலு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்தவுடன் முந்தைய நாள் கடைவீதியில் முட்டிக்கொண்டு நின்ற கூட்டம். 2021 மே 24 முதல் தளர்வில்லா ஊரடங்கு என்றதும் அதற்கு முந்தைய இரண்டு நாள் பஸ் நிலையங்களில் நின்ற கூட்டம். வீட்டில் ஒரு வாரத்துக்கு அரிசி இருந்தும் எல்லாரும் போகிறார்களே என்று போனவர்கள் அதில் எத்தனை பேர்!

என் தவறு ஒன்றையும் எழுத வேண்டும். அறுபது வயதுப் பெண், பிரஷரும் சர்க்கரையும் உண்டு. ஏப்ரலில் போன் செய்தார், "அதே மாத்திரையைத் தொடருங்க, ரத்தப் பரிசோதனை அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். மே மாதமும் அதையே சொன்னேன். ஜூனிலும், ஜூலையிலும். ஒவ்வொரு முறையும் அந்த மாதத்துக்கு அது சரியான பதில்தான். செப்டம்பரில் கால் வீங்கி நேரில் வந்தார். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ரத்தத்தில் இரண்டு மடங்காகியிருந்தது. ஐந்து மாதம் அந்த மாத்திரைகளில் ஒன்று அவருடைய சிறுநீரகத்துக்கு ஒத்துவராமல் இருந்திருக்கிறது, பார்க்க வேண்டிய நான் பார்க்கவில்லை. தள்ளிப்போடலாம் என்று சொன்னவன், எதுவரை என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நோட்டில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு தேதி போட ஆரம்பித்தேன். இந்தத் தேதிக்குள் கட்டாயம் வர வேண்டும், ஊரடங்கு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. பச்சைக் குழந்தைகளின் ஆறாவது, பத்தாவது, பதினாலாவது வாரத் தடுப்பூசிகளுக்கும் அப்படியே. இப்போதும் மருந்துச் சீட்டின் அடியில் அந்தத் தேதியை எழுதித்தான் கொடுக்கிறேன். உங்கள் சீட்டில் இல்லையென்றால் உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என் நோயாளிகளில் தேதி தாண்டியவர்களுக்கு மறுநாள் காலை கிளினிக்கிலிருந்து போன் போகும். அந்த அம்மாவுக்கு நானே பேசுகிறேன்.