'அலங்காரக் கேள்வி' என்னும் தப்பான பெயர்

பேச்சுப் பயிற்சிக் குறிப்புகளிலும் மொழிபெயர்ப்புக் கட்டுரைகளிலும் 'ரெட்டரிக்கல் கொஸ்டின்' என்பதை, அதாவது தகவல் அறிய இல்லாமல் ஒரு கருத்தைச் சொல்லவே கேட்கும் கேள்வியை, 'அலங்காரக் கேள்வி' என்று போட்டுவிடுகிறார்கள். பட்டிமன்றத்துக்குப் பேர்போன மதுரையிலும் பேச்சுப்போட்டிப் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லிக்கொடுப்பதைக் கேட்க முடிகிறது. தப்பான பெயர். பெயரை நம்பும் பிள்ளை, பேச்சு பளபளக்க வேண்டும் என்று பத்திக்கு நாலு கேள்வி செருகுகிறது.

'ரெட்டோர்' என்பவர் கிரேக்க மன்றத்தில் எழுந்து பேசுபவர். கேட்பவரை இணங்கவைக்கும் அவருடைய கலை 'ரெட்டரிக்'. ஆடம்பரப் பேச்சு என்ற பொருள் அதற்குப் பிறகு ஏறியது. அந்தப் பிற்பொருளை வடமொழி அலங்காரத்தோடு ஒட்டினால் 'அலங்காரக் கேள்வி' கிடைக்கும். வரலாறு இவ்வளவுதான்.

அலங்காரம் என்பது கழற்றக்கூடியது. மீனாட்சியம்மனுக்குச் சாத்திய மாலையைக் கழற்றினாலும் அம்மன் அம்மன்தான். இந்த வினாவிலிருந்து ஓர் எழுத்தைக் கழற்றிப் பாருங்கள். மதுரை அரசவையில் கண்ணகி சிலம்பை உடைக்க, மணி தெறித்ததும் பாண்டியன் சொல்கிறான்: "யானோ அரசன் யானே கள்வன்." ஓகாரத்தை எடுத்தால் 'யான் அரசன்' என்று நிற்கும், பொருள் தலைகீழாகிவிடும். 'நான் அரசன் இல்லை' என்பதை அந்த ஓர் எழுத்துத்தான் சுமக்கிறது. ஓகாரத்துக்கு நன்னூல் சொல்லும் எட்டுப் பொருளில் எதிர்மறையும் ஒன்று. அடுத்து வரும் ஏகாரம் தேற்றம், அதாவது உறுதி. ஓகாரம் மறுக்கிறது, ஏகாரம் தீர்ப்பெழுதுகிறது. இதில் கழற்றிவைக்க என்ன இருக்கிறது? அதற்கு முன்பே இதே ஊர்த் தெருவில் கண்ணகி "கூடலில் தெய்வமும் உண்டுகொல்" என்று கதறினாளே, அவள் கோயிலுக்கு வழியா கேட்டாள்?

'பதில் எதிர்பாராத கேள்வி' என்று எழுதுவோரும் உண்டு. அலங்காரத்துக்கு இது தேவலை என்றாலும் சரியில்லை. பதில் நிச்சயமாக எதிர்பார்க்கப்படுகிறது. வாயிலிருந்து இல்லை, மனசிலிருந்து. "கற்றதனால் ஆய பயனென்கொல்" என்ற குறளில் 'என்' என்னும் வினா இங்கே இன்மை குறித்து நின்றது என்று பரிமேலழகர் எழுதுகிறார். பயன் இல்லை என்ற விடை வினாவுக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் அதன் அர்த்தம். போதாததற்கு, பேச்சாளர் தானே கேட்டுத் தானே பதில் சொல்லும் உத்தியையும் இந்தப் பெயர் உள்ளே இழுத்துக்கொள்கிறது. அது உரையாசிரியர்களின் 'என்னையெனின்' வகை, அதாவது 'ஏன் என்று கேட்டால்' என்று தொடங்குவது. விளக்கத்துக்கு வழிவிடும் கேள்வி. வேலை வேறு, பெயரும் வேறாக இருக்க வேண்டும்.

நம் இலக்கணக்காரர்கள் இதைப் பெரும்பாலும் விடையின் பக்கம் வைத்துப் பார்த்தார்கள். "வினாவும் செப்பே வினாவெதிர் வரினே" என்கிறது தொல்காப்பியம். செப்பு என்றால் விடை; வினாவுக்கு எதிராக வரும் வினாவும் விடைதான். நன்னூலின் எட்டு விடைகளில் வினா எதிர் வினாதலும் ஒன்று. 'ஊருக்கு வருவாயா?' என்றால் 'வராமல் இருப்பேனா?' என்பது பள்ளிக்கூடப் பாடம். அதனால் 'விடைபொதி வினா' என்பதே பொருந்தும் என்பேன். 'எதிர்மறை வினா' இலக்கணத்துக்கு நெருக்கம்தான். ஆனால் 'நீ வரவில்லையா?' என்ற சாதாரணக் கேள்வியையும் பிள்ளைகள் அந்தப் பெயரில்தான் புரிந்துகொள்வார்கள்.

வேலை செய்யும் விதம் எளிது. உடன்பாடாகக் கேட்டால் மறுப்பு, மறுப்பாகக் கேட்டால் உடன்பாடு. 'நான் என்ன மாட்டேன்னா சொன்னேன்?' என்றால் சொல்லவில்லை. 'அன்னைக்கே சொல்லல?' என்றால் சொன்னேன். ஆனால் பொதிந்த விடை கேட்பவர் மனசிலும் முன்பே இருக்க வேண்டும், வேறு விடைக்குச் சந்து இருக்கக் கூடாது. மாநகராட்சிக்கு மனு எழுதுகிறவர் கோபத்தில் 'எங்கள் தெருவுக்கு விளக்கு எப்போதுதான் வரும்?' என்று முடிப்பார். அதிகாரி அதை உண்மைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு 'நிதி வந்ததும்' என்று பதில் போட்டுவிடலாம். 'பெண்பிள்ளைகள் டியூஷன் முடிந்து இருட்டில் வரும் தெருவுக்கு விளக்கு வேண்டாமா?' என்று எழுதினால் 'வேண்டாம்' என்று யாராலும் எழுத முடியாது. ஒரு மனுவுக்கு ஒன்று போதும், கடைசி வரியில். நாலு அடுக்கினால் நாலில் ஒன்றுக்காவது எதிர்ப்பதில் கிளம்பும், மற்ற மூன்றும் அதோடு போகும்.

இதை அலங்காரம் என்றே நினைப்பதால்தான் டப்பிங்கிலும் சப்டைட்டிலிலும் இடைச்சொல்லைத் தள்ளிவிட்டு வினாச்சொல்லை மட்டும் பெயர்க்கிறார்கள். ஆங்கிலப் பாத்திரம் எரிந்து விழும் இடத்தில் 'நான் முட்டாள் என்று நீ நினைக்கிறாயா?' என்று வருகிறது. அதற்கு 'ஆமாம்' என்றே பதில் சொல்லலாம். தமிழில் கோபம் 'நான் என்ன முட்டாளா?' என்றுதான் வரும். அந்த 'என்ன' கேள்வி கேட்கவில்லை, மறுக்கிறது. 'எத்தனை முறை நான் உனக்குச் சொல்ல வேண்டும்?' என்பதைக் கேட்டால் எண்ணிக்கை விசாரிப்பதுபோல் இருக்கிறது. 'எத்தனை தடவைதான் சொல்றது?' என்று எழுத வேண்டும். 'தான்' போனால் அலுப்பும் போய்விடும்.