பேய்க்கதைப் புத்தகத்தை எரித்தால் வலிப்பு நிற்காது

போன வாரமும் ஒரு பையன் வந்தான். படுவான்கரைப் பக்கம், உயர்தரம் படிக்கிறவன். இரவில் கை கால் இழுக்கிறது, வாயில் நுரை வருகிறது, காலையில் கேட்டால் ஒன்றும் ஞாபகமில்லை. நாக்கின் ஓரத்தில் பல் பட்ட காயம், ஆறியதும் ஆறாததுமாக. வலிப்பு என்று சந்தேகிக்க இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் வீட்டார் மாதக்கணக்காக வேறு காரணம் வைத்திருந்தார்கள். பையனின் மேசைக்கடியில் பேய்க்கதை நாவல்கள் இருந்தனவாம், ஒரே தொடரின் பல பாகங்கள். "அந்தப் புத்தகத்தாலதான் டொக்டர் வந்தது. எல்லாத்தையும் வளவுக்குள்ள போட்டு எரிச்சிட்டம். மறுகா பேய் விரட்டக் கழிப்பும் கழிச்சம். அப்படியும் விடுதில்ல" என்றார் தாய். இதற்கிடையில் மருந்து தொடங்கியிருக்க வேண்டிய மாதங்கள் போய்விட்டன. (யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

மனநலப் பிரிவில் வேலை செய்கிற எனக்கு இந்தப் பேச்சு புதிதில்லை. மட்டக்களப்பில் 'பேய் பிடித்தது' என்பார்கள், காத்தான்குடியிலும் கல்முனையிலும் 'ஜின்' என்பார்கள். இரண்டு இடத்திலும் முதலில் குற்றவாளியாவது பிள்ளை கையில் இருந்த கதைப்புத்தகம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பேய்க்கதை வாசித்தால் பேய் வராது. சூனியத்தைப் பற்றிய கதையை வாசித்தால் சூனியம் வீட்டுக்குள் வராது. பேயின் பெயரைப் பக்கத்துக்குப் பக்கம் வாசிப்பது அதைக் கூப்பிடுவதாகாது. நாவலில் அச்சடித்திருக்கிற மந்திரம் அதை எழுதியவர் கற்பனையில் கட்டியது. அதைப் பிள்ளை சத்தமாக வாசித்தாலும் ஒன்றும் ஆகாது, பத்துத் தடவை வாசித்தாலும் ஒன்றும் ஆகாது. வலிப்பு மூளையின் மின்னோட்டத்தில் வரும் கோளாறு. கதை அதை உண்டாக்குவதில்லை. இல்லாத குரல் கேட்கிற மனச்சிதைவு நோயும் நாவலால் வருவதில்லை. நோய் தொடங்குகிற வயதும் இந்தப் புத்தகங்களைத் தேடி வாசிக்கிற வயதும் பலருக்கு ஒன்றாக இருப்பதால், இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறோம். படித்த ஆட்களும், ஆசிரியர்களும்கூட இதைச் சொல்கிறார்கள். அதுதான் எனக்குக் கூடுதலாக வலிக்கிறது.

"அப்போ என்ர மகள் கண்டது என்ன?" என்று கேட்பீர்கள். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற ஒரு பிள்ளை சொன்னாள்: விடியப்புறம் முழிப்பு வந்தது, கை காலை அசைக்க முடியவில்லை, நெஞ்சில் பாரம், காலடியில் வெள்ளைச் சாரி கட்டிய பொம்புள நின்றாள், கத்த வாய் வரவில்லை. அவள் வாசித்த தொடரில் வருகிற அதே வெள்ளைச் சாரி. இதற்கு உறக்க முடக்கம் என்று பெயர். கனவு காணும் உறக்கத்தில் உடம்பு அசையாமல் கட்டுண்டிருக்கும். அது அவிழ்வதற்குள் முழிப்பு வந்துவிட்டால் கனவு கண் முன்னால் நிற்கும். ஓரிரு நிமிடத்தில் தானாகப் போய்விடும். நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில் வாழ்நாளில் ஒரு தடவையாவது இதை அனுபவிக்கிறார்கள், மாணவர்களிடையே இன்னும் அதிகம். ஜப்பானில் இதைக் கனாஷிபாரி என்கிறார்கள். ஹென்றி ஃபியூஸ்லி என்ற ஓவியர் 1781 இல், உறங்கும் பெண்ணின் நெஞ்சில் ஒரு பிசாசு குந்தியிருப்பதாகவே வரைந்து வைத்தார். அவர்கள் யாரும் எங்கள் பிள்ளைகள் வாசிக்கிற நாவலை வாசித்தவர்கள் இல்லை. சாரியை வேண்டுமானால் நாவல் கொடுத்திருக்கலாம். நாவல் இல்லாத காலத்தில் பெத்தா சொன்ன மோகினியும் கொள்ளிவாய்ப் பேயும் அதே இடத்தில் நின்றிருக்கும்.

சரி, பிள்ளைகள் ஏன் இதையே தேடித் தேடி வாசிக்கிறார்கள்? பெற்றோர் இந்தக் கேள்வியை ஒரு நாளாவது பிள்ளையிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். நான் கேட்பேன். அந்த நேரத்தில்தான் வாய் திறக்காத பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

கல்லடிக் கடற்கரையில் அலை வரும்போது கத்திக்கொண்டு ஓடி, அலை போனதும் திரும்ப இறங்குகிற பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். பேய்க்கதையும் அப்படித்தான், எவ்வளவு தூரம் இறங்குவது என்பது வாசிக்கிறவர் கையில் இருக்கிறது. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், செயற்கைப் பேய்வீட்டுக்குள் போனவர்களின் இதயத் துடிப்பை அளந்து 2020 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பயம் குறைந்தாலும் ரசனை இல்லை, மிஞ்சினாலும் இல்லை, இடைப்பட்ட பயத்தில்தான் ரசனை கூடியது. புத்தகத்தை மூடிவைக்க முடிவதால், அந்த அளவைப் பிள்ளை தானே வைத்துக்கொள்கிறது.

தொடராக வரும்போது இன்னொன்றும் சேர்கிறது. முதல் பாகத்தில் நாயகனுக்கு ஒன்றும் தெரியாது, கதவு தட்டினாலே நடுங்குவான். நாலாம் பாகம் வரும்போது அந்த ஆவி எந்த நாளில் வரும், எதற்குக் கட்டுப்படும் என்று அவனுக்கும் தெரியும், வாசிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அடுத்த பாகம் இருப்பதால் அவன் சாகமாட்டான் என்றும் தெரியும். பரீட்சை முடிவு என்னவாகும், வெளிநாட்டுக்குப் போன தகப்பன் எப்போது வருவார் என்று எதுவுமே தெரியாத வயதில், பயத்தின் சட்டதிட்டம் முழுவதும் தெரிந்த ஓர் உலகம் கிடைப்பது சின்ன விஷயமில்லை.

அதோடு, இந்தக் கதைகளில் செத்தவர்கள் பேசுகிறார்கள். தனக்கு என்ன நடந்தது, யார் செய்தது என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். எங்கள் ஊர் யுத்தத்தைப் பார்த்தது, 2004 இல் கடல் வந்ததைப் பார்த்தது, 2019 இல் உயிர்த்த ஞாயிறன்று தேவாலயத்தில் குண்டு வெடித்ததைப் பார்த்தது. வீட்டுக்கு வீடு ஒரு படம் சுவரில் தொங்குகிறது. அந்தப் படத்தில் இருப்பவரைப் பற்றி எத்தனை வீட்டில் பிள்ளையிடம் முழுதாகச் சொல்லியிருக்கிறோம்? நாங்கள் பாதியில் நிறுத்துகிற இடத்தில் நாவல் தொடர்ந்து பேசுகிறது. அதனால் தயவுசெய்து அதைக் குப்பை என்று சொல்லிவிடாதீர்கள்.

உறக்க முடக்கத்தில் நாவலுக்கும் ஒரு பங்கு இருக்கிறது, அது தூக்கத்தைத் தின்பது. ஒவ்வொரு அத்தியாயமும் கதவு திறக்கிற இடத்தில் முடியும். போனில் வாசித்தால் அடுத்ததற்கு ஒரு விரல்தட்டு போதும். இரவு ஒன்றரை மணி வரைக்கும் போர்வைக்குள் போன், காலை ஐந்து மணிக்கு எழுப்பி ரியூஷன். பதின்ம வயதுக்கு எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும். மூன்றரை மணித்தியாலம் தூங்குகிற பிள்ளைக்கு உறக்க முடக்கம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பாடப்புத்தகத்தோடு முழித்திருந்தாலும் இதுதான் நடக்கும். அதற்காக யாரும் விஞ்ஞானப் புத்தகத்தை எரித்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஆகவே, வாசிப்பைப் பின்னேரத்துக்கு மாற்றுங்கள். இரவு பத்து மணிக்குப் போன் பெரியவர்கள் அறைக்கு வரட்டும், உங்கள் போனும் சேர்த்து. முடக்கம் வருகிற பிள்ளை மல்லாந்து படுக்காமல் சரிந்து படுக்கட்டும். அண்மையில் வீட்டில் ஒரு சாவைப் பார்த்த பிள்ளை, பழைய சம்பவம் கண்ணுக்குள் வந்து வந்து போகிறது என்கிற பிள்ளை, இந்த வகைக் கதையைக் கொஞ்ச நாள் தள்ளி வைப்பது நல்லது. அதைப் பறித்தெடுக்காமல், பேசிச் செய்யுங்கள்.

நூல் கட்டுவதையோ தண்ணீர் ஓதிக் கொடுப்பதையோ நான் தடுப்பதில்லை. நூல் கையில் இருக்கட்டும், பிள்ளையைக் கிளினிக்குக்கும் கொண்டு வாருங்கள். ஆனால் வேப்பங்குழையால் அடிப்பதும் மிளகாய்ப் புகை போடுவதும் பிள்ளைக்குச் செய்கிற கொடுமை, அதற்குச் சமாதானம் சொல்லாதீர்கள். வலிப்பு வரும்போது கையில் இரும்புத் திறப்பைத் திணிக்க வேண்டாம், வாய்க்குள் கரண்டி வைக்க வேண்டாம். பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள், நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள். காய்ச்சலோடு பிதற்றினால் ஒரு இரவுகூடக் காத்திருக்காதீர்கள். பகலில், முழித்திருக்கும்போது யாரோ பேசுவதாகச் சொன்னாலும், சாகப் போகிறேன் என்று சொன்னாலும் உடனே வாருங்கள். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் காசு இல்லை. வர முடியாவிட்டால் 1926 என்ற மனநல இலக்கத்துக்கு எடுத்துப் பேசலாம்.

இரவில் நடப்பதை யாராவது ஒருவர் போனில் வீடியோ எடுத்து வந்தால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்தது. பிள்ளைக்கு அது ஞாபகம் இருக்காது, உங்களுக்கும் பதற்றத்தில் எல்லாம் சொல்ல வராது.

இன்னொன்று. எரித்த புத்தகங்களில் பாதி நூலகத்திலோ கூட்டாளியிடமோ இரவல் வாங்கியதாகத்தான் இருக்கும். அந்தப் பையன் பள்ளிக்கூடம் போகக் கூச்சப்படுவதற்கு வலிப்பைவிட அதுதான் காரணமாக இருந்தது. அதற்குப் பதில் சொல்லப் பிள்ளையை அனுப்பாதீர்கள், நீங்களே போய்ச் சொல்லிக் காசைக் கட்டிவிட்டு வாருங்கள்.