அலுமினியத்தை விடப் பொலித்தீன் மேல்

“செவ்வாய்க்குப் போகும் கலத்தின் அலுமினியச் சுவரை இன்னும் தடிப்பாக்கினால் கதிர்வீச்சுப் பிரச்சினை தீர்ந்துவிடாதா?” என்று வெள்ளவத்தையிலிருந்து உயர்தர மாணவி ஒருவர் கேட்டிருந்தார். தீராது.

புவியின் காந்தப்புலமும், ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றர் மீதும் ஏறத்தாழ 1 கிலோகிராம் காற்றை ஏற்றிவைத்திருக்கும் வளிமண்டலமும் நம்மைக் காக்கின்றன. இயற்கைச் சூழலிலிருந்து ஆண்டு முழுவதும் நமக்குக் கிடைப்பது உலக சராசரியாக 2.4 மில்லிசீவெர்ட்தான் (கதிர்வீச்சு உடலுக்குச் செய்யும் தீங்கை அளக்கும் அலகு இது). 2011 நவம்பரில் புறப்பட்ட நாசாவின் ஆய்வு ஊர்தி கியூரியோசிட்டியோ, செவ்வாய்க்குப் போகும் வழியில் நாளொன்றுக்கே சுமார் 1.8 மில்லிசீவெர்ட் அளந்தது. (கலியாணப் பேச்சில் செவ்வாய்க்கு அஞ்சும் நம்மவர்கள், அந்தக் கிரகத்தை விட்டு அதற்குப் போகும் வழிக்கு அஞ்சினாலாவது ஒரு நியாயம் இருக்கும்.)

சூரியச் சீற்றத்தில் வரும் புரோத்தன்களில் பெரும்பகுதியை நல்ல சுவர் தடுத்துவிடும். தொல்லை தருபவை சூரியக் குடும்பத்துக்கு அப்பாலிருந்து வரும் அண்டக் கதிர்கள். அவற்றில் நூற்றுக்கு ஒன்றளவே பாரமான அணுக்கருக்கள். ஆனால் ஒரு துணிக்கை தன் பாதையில் கொட்டும் சக்தி அதன் மின்னேற்றத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமாதலால், ஏற்றம் 26 கொண்ட இரும்புக் கரு, அதே வேகப் புரோத்தனைப் போல் 676 மடங்கு சக்தியை உடற்கலங்களில் கொட்டுகிறது. அப்பலோ வீரர்கள் இருளில் கண்மூடியிருந்தும் ஒளிப்பொறிகளைக் கண்டது, இத்தகைய துணிக்கைகள் விழியை ஊடுருவியதால்தான்.

இக்கருவை நிறுத்துவதை விட உடைப்பது இலகு. சமமான இரு துண்டுகளானால் 13இன் வர்க்கம் 169, இரண்டுக்கும் சேர்த்து 338. பாதி தீங்கு அங்கேயே கழிந்துவிடுகிறது. இந்தக் கணக்கு எனக்கு எப்போதும் அலுக்காதது. ஆனால் அலுமினியத்தில் மோதினால் அலுமினியக் கருவும் சேர்ந்து சிதறி, நியூத்திரன்களை உள்ளே பொழிகிறது. சுவர் தடிக்கத் தடிக்க அந்தப் பொழிவும் கூடுகிறது. ஐதரசனின் கருவோ தனிப் புரோத்தன். சிதற அதனிடம் ஒன்றுமில்லை. நியூத்திரனும் அதுவும் ஏறத்தாழச் சம திணிவு என்பதால், கரம் பலகையில் ஒரு காய் மற்றொரு காயை நேரே அடித்துவிட்டுத் தான் நின்றுவிடுவது போல, வந்த நியூத்திரன் வேகமிழக்கிறது. அலுமினியக் கருவில் பட்டாலோ பலகைச் சட்டத்தில் பட்ட காயாகத் தெறித்துத் திரும்புகிறது.

பொலித்தீனில் ஒவ்வொரு காபன் அணுவுக்கும் இரண்டு ஐதரசன் அணுக்கள் உள்ளன. சர்வதேச விண்வெளி நிலையத்தின் உறங்கறைகளில் பொலித்தீன் பலகைகள் பதிக்கப்பட்டிருப்பது இதனாலேயே. அதுவும் முழுக் காப்பன்று. கியூரியோசிட்டி கண்ட வீதத்தில், போக 180 நாளும் வர 180 நாளும் பயணத்துக்கு மட்டுமே ஏறத்தாழ 650 மில்லிசீவெர்ட் ஆகின்றன. நாசா ஒரு வீரருக்குப் பணிக்காலம் முழுவதற்கும் அனுமதிப்பது 600.