அந்தப் பிள்ளைக்கு இடமும் தெரியும், திகதியும் தெரியும்

தலையிடி, நெஞ்சை யாரோ அமுக்குகிற மாதிரி, நாலைந்து நாளாக நித்திரையே இல்லை. ஓபிடியில் ஈசிஜி எடுத்துப் பார்த்ததில் ஒன்றுமில்லை என்று சொல்லி, துண்டு எழுதி, மனநலப் பிரிவில் வேலை செய்கிற என்னிடம் அனுப்பியிருந்தார்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கத்து அக்கா, நாற்பது தாண்டிய வயது. (அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக என்னிடம் வந்த இரண்டு மூன்று பேரை ஒருவராக்கித்தான் எழுதுகிறேன்.) எப்போது தொடங்கியது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, "ஃபோன்ல ஒரு வீடியோ பார்த்தன் மிஸ், அதுக்குப் பிறகுதான்" என்றார்.

மேஜர் முகுந்த் வரதராஜனைப் பற்றிய வீடியோ. தாம்பரத்துக் குடும்பத்துப் பிள்ளை, 2006இல் இந்தியத் தரைப்படையின் ராஜ்புத் ரெஜிமென்ட்டில் அதிகாரியாகச் சேர்ந்தவர், இடையில் லெபனானில் ஐநா அமைதிப் படையிலும் இருந்தார், பிறகு காஷ்மீரில் ஆயுததாரிகளை எதிர்கொள்ளும் 44ஆவது ராஷ்டிரிய ரைபிள்ஸ் படைப்பிரிவு. 2014 ஏப்ரல் 25ஆம் திகதி சோபியான் மாவட்டத்துக் காசிபத்ரி கிராமத்தில் ஆயுததாரிகள் பதுங்கியிருந்த வீட்டுக்குள் போய் நடந்த சண்டையில் காயப்பட்டு இறந்தார். 31 வயது பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. உடலைச் சென்னைக்குக் கொண்டுவந்து பெசன்ட் நகரில் இராணுவ மரியாதையோடு தகனம் செய்தார்கள். 2015 ஜனவரி 26 குடியரசு தின விழாவில் சமாதான கால வீரத்துக்கான இந்தியாவின் மிக உயர்ந்த விருதான அசோகச் சக்கரத்தை மனைவி இந்து ரெபேக்கா குடியரசுத் தலைவர் கையிலிருந்து வாங்கினார். மகளுக்கு அப்பா போகும்போது மூன்று வயது. அதே சண்டையில் விக்ரம் என்ற சிப்பாயும் இறந்தார், அவர் பெயர் நம் பக்கத்தில் யாருக்கும் நினைவில்லை, அது வேறு கதை.

அழகான குடும்பம், சின்னப் பிள்ளை, அதைப் பார்த்து மனசு கஷ்டப்பட்டிருக்கும் என்று நான் நினைத்தேன், பத்து வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருந்தும் நானாகவே முடிவுகட்டிவிட்டேன் பாருங்கள். அக்கா சொன்னது வேறு.

"எனக்குப் பொறாமையா இருந்தது மிஸ். அந்தப் பிள்ளைக்கு இடம் தெரியும், திகதி தெரியும், கூட ஆர் நிண்டது எண்டும் தெரியும். பதக்கத்தப் பார்த்து இல்ல. அதப் பார்த்து."

இவருடைய அப்பாவை 1990இல் கொண்டுபோனார்கள். அப்போது இவருக்கு எட்டு வயது. அந்த வருடம் மட்டக்களப்பில் என்ன நடந்தது என்று இங்கே உள்ளவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, வெளியூர்க்காரருக்காக ஒன்றைச் சொல்கிறேன்: செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேரை இராணுவம் ஏற்றிக்கொண்டு போனது, அவர்கள் திரும்பி வரவில்லை. அது ஒரு நாள், ஓர் இடம். இவருடைய அப்பா போனது அதுபோன்ற வேறொரு நாளில், சைக்கிளில், கடைக்கு.

இந்த மாதிரி இழப்பை ஆங்கிலத்தில் ஒரு தனிப் பெயரிட்டு அழைக்கிறார்கள், தமிழில் முடிவு தெரியாத இழப்பு என்று சொல்லலாம். பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் இந்தக் கருத்தை வைத்தார். அவர் அப்போது யாரோடு பேசிக்கொண்டிருந்தார் தெரியுமா, வியட்நாம் போரில் காணாமல்போன அமெரிக்கப் படையினரின் மனைவிமாரோடு. அதாவது இந்த வேதனைக்கு முதலில் பெயர் கிடைத்ததே சீருடை போட்டவர்களின் வீட்டில்தான். முகுந்த் இறந்த அதே காஷ்மீரில், கணவன் காணாமல்போன பெண்களை அரை விதவைகள் என்று கூப்பிடுகிறார்கள். இலங்கையில் நம்முடைய காணாமல்போனோர் அலுவலகத்தின் சட்டத்திலும், 2016இல் நிறைவேறியது, சண்டையில் காணாமல்போன படையினரும் பொலிஸாரும் அடங்குகிறார்கள். தெற்கில் ஒரு சிங்களத் தாயும் இதே மாதிரி வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறா என்று நான் இங்கே ஒரு கூட்டத்தில் சொன்னபோது முன்வரிசையில் இருந்த ஒரு ஐயா எழும்பிப் போய்விட்டார். அவர் போனதிலும் எனக்குக் கோபமில்லை. இந்த ஊரில் பச்சைச் சீருடையைக் கண்டால் எல்லாருக்கும் ஒரே ஞாபகம் வராது, 1987 முதல் 1990 வரை இங்கே இருந்த இந்திய இராணுவத்தின் சீருடை உட்பட.

சரி, முடிவு தெரிந்த இழப்புக்கும் தெரியாததுக்கும் என்ன வித்தியாசம்? உடல் வந்தால் ஊர் கூடுகிறது, பறை அடிக்கிறது, எட்டாம் நாள் வருகிறது, முப்பத்தோராம் நாள் வருகிறது, வருடம் திரும்பினால் திவசம். ஒவ்வொரு நாளும் அந்த மனிதன் கொஞ்சம் கொஞ்சமாக இறந்தவராக மாறுகிறார், மற்றவர்களும் கூடவே நின்று மாற உதவி செய்கிறார்கள். உடல் வராத வீட்டில் முதல் நாளே நின்றுபோயிருக்கிறது. 35 வருடமாக ஒரே நாள். பொட்டு வைப்பதா, அழிப்பதா? ரேஷன் அட்டையில் பெயரை வைத்திருப்பதா? மகளின் கல்யாண அழைப்பிதழில் அப்பாவின் பெயருக்கு முன்னால் 'அமரர்' போடுவதா? இந்த அக்காவின் கல்யாணத்தின்போது அந்த ஒரு சொல்லுக்காக அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை.

இப்படிப்பட்டவர்களிடம் "இன்னுமா நினைச்சுக்கொண்டிருக்கிறீங்கள்" என்று கேட்காதீர்கள். "இறந்திட்டார் எண்டு எடுத்துக்கொள்ளுங்க" என்றும் சொல்லாதீர்கள், "கட்டாயம் வருவார்" என்றும் சொல்லாதீர்கள். இரண்டுமே உங்களுக்குத் தெரியாத விஷயம். ஆளைப் பற்றிக் கேளுங்கள். என்ன சாப்பிடுவார், என்ன பாட்டுப் பாடுவார், யாரோடு சண்டை பிடிப்பார். நான் கேட்டபோது அந்த அக்கா முதல் தரமாகச் சிரித்தார். அப்பா ஆற்றில் இறால் பிடித்துவிட்டு வந்தால் பெரியதை ஒளித்து வைத்து இவருக்குத்தான் கொடுப்பாராம்.

இன்னொன்று, இது முடிவு தெரிந்த வீடுகளுக்கும் சேர்த்துத்தான். முகுந்தின் மனைவி கணவர் இறந்த சில நாட்களிலேயே தொலைக்காட்சியில் நிதானமாகப் பேசினார், தன் துயரத்தைவிட அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பதை நாடு பார்க்கவேண்டும் என்ற பொருளில். அது அவருடைய வழி, மதிக்கிறேன். ஆனால் அதைப் பகிர்ந்து "இப்படித்தான் இருக்கவேண்டும்" என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எரிச்சல் வருகிறது. அடுத்த வீட்டில் குழறி அழுகிற பெண்ணுக்கு அது அளவுகோலாகிவிடும். அழாதவரையும் "கல்லு மனசு" என்பார்கள், அழுகிறவரையும் "இன்னும் எத்தனை நாளைக்கு" என்பார்கள்.

பிள்ளைகளுக்கு வருவோம். மூன்று வயதுப் பிள்ளைக்குச் சாவு திரும்பிவராத ஒன்று என்று விளங்காது, பொதுவாக ஐந்து வயதுக்குப் பிறகுதான் அது பிடிபடத் தொடங்கும். "அப்பா நித்திரை", "அப்பா வெளிநாடு" என்று சொன்னால் பிள்ளை நித்திரைக்கே பயப்படும், இல்லாவிட்டால் விமானம் போகும்போதெல்லாம் முற்றத்துக்கு ஓடும், இரண்டையும் கண்டிருக்கிறேன். "அப்பா செத்திட்டார், அவருடைய உடம்பு வேலை செய்யாது, இனி வரமாட்டார், நான் உன்னோட இருக்கிறன்" என்று சின்னச் சின்ன வசனமாகச் சொல்லுங்கள், திரும்பக் கேட்டால் திரும்பச் சொல்லுங்கள். அப்பா காணாமல்போயிருந்தால், "எங்க எண்டு எங்களுக்குத் தெரியாது, தேடுறம்" என்பதுதான் உண்மை, அதையே சொல்லலாம்.

காகித விஷயம் ஒன்று. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராத குடும்பங்கள், ஆள் காணக்கிடைக்கவில்லை என்று உறுதிப்படுத்தும் சான்றிதழை எடுக்கலாம், 2016இலிருந்து சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது. காணி, வங்கி வேலைகளுக்கு உதவும். பிரதேச செயலகத்தில் கேளுங்கள், அங்கேயே உளவளத்துணை உத்தியோகத்தரும் இருப்பார்.

எப்போது எங்களிடம் வரவேண்டும்? துக்கம் நோயில்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு மேலாகியும் சமைக்க முடியவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, பிள்ளையைப் பார்க்க முடியவில்லை என்றால் வாருங்கள். நானும் போய்விடலாம் என்ற எண்ணம் வந்தால் ஆறு மாதம் காத்திருக்கவேண்டாம், அன்றைக்கே வாருங்கள், அல்லது 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். காரணம் தெரியாத தலையிடி, நெஞ்சு அடைப்பு என்று வருடக்கணக்காக கிளினிக் கொப்பி நிரப்பிக்கொண்டிருக்கிற அம்மாமாரை வீட்டில் வைத்திருப்பவர்கள் ஒருதரம் யோசித்துப் பாருங்கள்.

அந்த அக்காவின் வீட்டில் உண்மையான சண்டை வேறொன்று என்பது நாலாவது தரம் வந்தபோதுதான் வெளியே வந்தது. கட்டாரில் இருக்கிற தம்பி ஆடி அமாவாசைக்கு மாமாங்கம் கோயில் குளத்தில் அப்பாவுக்குத் தீர்த்தமாட வேண்டும் என்று வருடா வருடம் கேட்பாராம். அம்மா விடமாட்டா. செய்தால் அவர் செத்துவிட்டார் என்று நாங்களே சொன்ன மாதிரி ஆகிவிடும் என்பது அம்மாவின் நியாயம். செய்யாவிட்டால் அப்பா பசியோடு அலைவார் என்பது தம்பியின் நியாயம். நடுவில் இந்த அக்கா. யார் சரி என்று நான் சொல்லவில்லை, எனக்குத் தெரியாது. அம்மாவையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். மூன்று பேரும், தம்பி வாட்ஸப்பில், அப்பாவைப் பற்றி மட்டும் பேசினார்கள். இறால் கதையை அம்மா வேறு மாதிரிச் சொன்னா, பெரிய இறால் தனக்குத்தான் வந்ததாம்.

அடுத்த ஆடிக்குத் தம்பி லீவு எடுத்து வந்தார். அம்மா கடைசியில் சொன்னது இவ்வளவுதான்: "அவன் முழுகட்டும். நான் பொட்டு அழிக்கமாட்டன்." மாமாங்கக் குளத்தில் அந்தச் சனத்துக்குள் தம்பி இறங்கினாராம். அம்மா படிக்கட்டில் இருந்து, சிவப்புப் பொட்டோடு, அவருடைய சேர்ட்டை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாவாம்.