டிஸ்க்கை விடுங்கள், போர்ட்டை எண்ணுங்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது புகார். "சார், வாய்ஸ் மெயிலுக்கு லைனே கிடைக்கலைன்னு கஸ்டமர் எல்லாம் சத்தம் போடுறாங்க. போன வாரம்தான் டிஸ்க்கை டபுள் பண்ணோம்!" போய்ப் பார்த்தால் டிஸ்க்கில் முக்கால்வாசி காலி. 200 மெயில்பாக்ஸுக்குப் போர்ட், அதாவது வாய்ஸ் மெயிலுக்குள் போகும் இணைப்பு வழி, நான்கே நான்கு.

கொள்ளளவு என்றதும் ஏன் எல்லோருக்கும் டிஸ்க் மட்டுமே நினைவுக்கு வருகிறது? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜி.711 என்ற சாதாரண தொலைபேசி ஒலிப்பதிவு முறையில் ஒலி நொடிக்கு 64 கிலோபிட், அதாவது நிமிடத்துக்கு 480 கிலோபைட். 200 பெட்டியிலும் ஒரு நிமிடச் செய்திகள் பத்துப் பத்து அழிக்காமல் கிடந்தாலும் 960 எம்.பி.தான். ஒரு ஜி.பி.கூட ஆகவில்லை. ஒலியை இன்னும் சுருக்கும் ஜி.729-ல் பதிந்தால் அதிலும் எட்டில் ஒரு பங்கு. இதற்கா டிஸ்க்கை மாற்றினீர்கள்?

ஒரே சமயத்தில் எத்தனை பேர் உள்ளே நுழைய முடியும் என்பதைத் தீர்மானிப்பது போர்ட். செய்தி சொல்பவர் ஒன்றைப் பிடிப்பார், தன் பெட்டியைக் கேட்கும் ஊழியர் இன்னொன்றை. வரவேற்புக் குரல் ஓடி முடியும்வரையும் போர்ட் பிடிபட்டே இருக்கும். செய்தி வந்ததை ஊழியரின் செல்போனுக்கு அழைத்துச் சொல்லும் வசதியைப் போட்டிருந்தால் அதற்கும் ஒன்று போகும். இதை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

அந்த அலுவலகத்தில் நெரிசலான ஒரு மணி நேரத்தில் 120 அழைப்புகள், சராசரி ஒரு நிமிடம். 120 நிமிடத்தை 60-ஆல் வகுத்தால் 2 எர்லாங், அதாவது சராசரியாக எந்த நேரமும் இரண்டு போர்ட்டைப் பிடிக்கும் அளவு நெரிசல். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ.கே. எர்லாங் 1917-ல் வெளியிட்ட சூத்திரத்தில் இதைப் போட்டால், நான்கு போர்ட்டில் 9.5 சதவீத அழைப்புகளுக்கு இடம் கிடைக்காது. ஐந்தில் 3.7, ஆறில் 1.2. ஏழு போட்டால்தான் 1 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். இணைப்பு கிடைக்காதவர் விட்டுவிடுவார் என்று சூத்திரம் வைத்துக்கொள்கிறது. நிஜத்தில் அவர் உடனே மறுபடி அழைப்பார், நெரிசல் இன்னும் ஏறும். அதனால் நான் எப்போதும் ஒன்று கூட்டியே போடுவேன்.

நாள் சராசரியைத் தயவுசெய்து கொண்டு வராதீர்கள். வாரத்தின் மிக நெரிசலான நாளில், மிக நெரிசலான ஒரு மணி நேரத்தை எடுங்கள். வரவேற்புக் குரலை 15 நொடிக்குள் முடியுங்கள். ஒரு செய்தி எத்தனை நிமிடம் போகலாம் என்பதற்கும், கேட்ட செய்தி எத்தனை நாள் இருக்கலாம் என்பதற்கும் வரம்பு வையுங்கள்.

என்னை வருத்துவது வேறொன்று. பதிவாகாத செய்திக்குத் தடயமே கிடையாது. அவசரத்துக்கு அழைத்தவர் பதில் வரவில்லையே என்று காத்திருப்பார். இங்கே அவர் அழைத்ததே யாருக்கும் தெரியாது. எல்லாப் போர்ட்டும் ஒன்றாக நிரம்பியது எத்தனை முறை என்பதைப் பல சிஸ்டங்கள் ரிப்போர்ட்டில் காட்டும். மாதம் ஒருமுறையாவது அதைத் திறந்து பாருங்கள். அந்த எண் ஏறிக்கொண்டே போனால் போர்ட் லைசென்ஸுக்கு விலை கேளுங்கள், கூடவே பிபிஎக்ஸ் (அலுவலகத்தின் உள் தொலைபேசி இணைப்பகம்) பக்கமும் அத்தனை இணைப்புகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.